ரம்மி ஜோக்கர் வேறு, போக்கர் ஜோக்கர் வேறு

செட்டிநாட்டில் கல்யாணமோ சாந்தியோ, கடைசிப் பந்தி முடிவதற்குள் பட்டாலையில் ஒரு ஜமுக்காளம் விரிந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லில் சீட்டு வழுக்கிக்கொண்டு ஓடும் என்பதால் ஜமுக்காளம் கட்டாயம். அங்கே வருஷக்கணக்காக ரம்மி ஆடிக் கை தேறியவர்கள் கோவாவுக்கோ கொழும்புக்கோ சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கோ போகும்போது, காசினோவில் ஜோக்கர் வைத்த போக்கரைப் பார்த்தால் 'இதுதானே, நமக்குத் தெரியாததா' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ரம்மியில் ஜோக்கரைப் பிடிக்கக் கற்ற பழக்கம் போக்கரில் பாதி இடத்தில் நேர் எதிராக வேலை செய்யும். எங்கே, ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் நமக்குத் தெரிந்த ஆட்டத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம், ஒப்பிட அது வேண்டும். இரண்டு கட்டு, கட்டுக்கு ஒரு ஜோக்கர், ஆக 106 சீட்டு. ஜோக்கராக வெட்டியது 7 என்று வையுங்கள், எல்லா ஏழும் ஜோக்கர். ஏழாம் நம்பர் சீட்டு மொத்தம் எட்டு. ஒன்று கட்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறது. மீதி ஏழும் அச்சு ஜோக்கர் இரண்டும் சேர்ந்து, 105 சீட்டில் ஒன்பது ஜோக்கர். பதின்மூன்று சீட்டுக் கையில் சராசரியாக ஒன்றுக்குக் கொஞ்சம் மேல் வரும். ஜோக்கரே வராத கை நூற்றுக்கு 29. ஆகவே மொட்டைக் கை வந்தவுடன் ஸ்கூட் விட (ஆடாமல் விலகிக்கொள்ள) வேண்டியதில்லை. பத்துக் கையில் மூன்று எல்லோருக்கும் அப்படித்தான் வரும்.

ரம்மியில் ஜோக்கரை ஆளத் தெரிந்தவர் முதலில் ஒரிஜினல் ரம்மியை, அதாவது ஜோக்கர் இல்லாமல் ஒரே சின்னத்தில் தொடரும் சீட்டுகளைச் சேர்ப்பார், ஜோக்கரைத் தொடமாட்டார். ஒரிஜினல் சேராமல் எதிராளி டிக் அடித்தால் (தன் கையை முடித்துக் காட்டினால்) கையிலிருக்கும் எல்லாச் சீட்டுக்கும் எண்ணிக்கை, 80 வரை போகும். அப்போது மூன்று ஜோக்கர் இருந்தும் பயனில்லை. வெட்டு ஜோக்கர் அதன் சொந்த இடத்தில் நின்றால் ஒரிஜினலாகவே கணக்கு என்பதையும் சிலர் மறந்துவிடுகிறார்கள்: ஆர்ட்டின் 6, 7, 8 என்றால் ஏழு ஜோக்கராக இருந்தாலும் அது ஒரிஜினல்தான். இன்னொன்று, ஏழு வெட்டப்பட்டால் 5, 6, 8, 9 எல்லாம் கொஞ்சம் மதிப்பிழக்கும். ஏழு வைத்திருப்பவர் அதை வேறு இடத்தில் ஜோக்கராகப் போடத்தான் பார்ப்பார், நடுவே சொருகமாட்டார். அந்த நான்கு எண்களையும் ஆரம்பத்திலேயே கீழே போடுவது ஓரளவு பத்திரம்.

இதில் கவனிக்க வேண்டியது, ரம்மியில் உங்கள் ஜோக்கர் உங்கள் கையைத்தான் முடிக்கிறது. எதிராளியிடம் எத்தனை ஜோக்கர் என்று தெரியாமலே நீங்கள் டிக் அடிக்கலாம். போக்கரில் கையை முடிப்பது என்று ஒன்று கிடையாது. உங்கள் ஐந்து சீட்டு எதிராளியின் ஐந்து சீட்டைவிடப் பெரியதா என்பது மட்டும்தான் கேள்வி. எனவே ஜோக்கர் சேர்ந்தவுடன் எல்லோருடைய கையும் சேர்ந்து உயர்கிறது. உங்களுக்கு நல்ல கையாகத் தெரிவது அந்த மேஜையில் நடுத்தரக் கையாக இருக்கும்.

எவ்வளவு உயர்கிறது? சாதாரண 52 சீட்டில், ஐந்து சீட்டு வாங்கியதுமே மூன்று ஒரே எண்ணோ அதற்கு மேலோ இருப்பது நூற்றுக்கு 3 கைகூட இல்லை. நான்கு ரெண்டாம் நம்பரையும் ஜோக்கராக்கும் ஆட்டத்தில் (காசினோவில் ரெண்டை டியூஸ் என்பார்கள், ஆட்டத்துக்கே டியூஸஸ் வைல்ட் என்று பெயர்) அது நூற்றுக்கு 18. ஆறு பேர் மேஜையில் மூன்று ராஜாவை வைத்துக்கொண்டு ரெய்ஸ் ஏற்றுகிறவர் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்.

யாரிடம் ஜோக்கர் இருக்கும் என்பதும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஒரே ஒரு ஜோக்கர் போட்ட 53 சீட்டுக் கட்டில் ஆறு பேர் ஆடுகிறீர்கள், உங்களிடம் ஜோக்கர் இல்லை. மீதி 48 சீட்டில் 25 மற்ற ஐவர் கையில். ஆக ஜோக்கர் அவர்களில் ஒருவரிடம் இருக்க நூற்றுக்கு 52, கட்டிலேயே கிடக்க 48. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. இதே மேஜையில் டியூஸ் ஆட்டம் என்றால், உங்களிடம் டியூஸ் இல்லாதபோது மற்றவர்களில் ஒருவரிடமாவது இருக்க நூற்றுக்கு 96. முதல் ஆட்டத்தில் ஜோக்கர் இல்லாத நல்ல ஜோடியோடு ஒரு சுற்று இருந்து பார்க்கலாம். இரண்டாவது ஆட்டத்தில் டியூஸ் இல்லை, மூன்று ஒரே எண்ணும் இல்லை என்றால் சீட்டை மடித்து வைத்துவிடுவதே சரி. ரம்மியில் முதல் ஸ்கூட்டுக்கு 20 புள்ளி தண்டம் கட்டிப் பழகியவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம்: போக்கரில் முதலிலேயே மடித்தால் சீட்டுப் போடும் முன் நடுவில் வைத்த ஆன்டி மட்டும்தான் போகும்.

மூணு சீட்டில் ஏகே 47 ஆடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஏஸ், கிங், நாலு, ஏழு எல்லாம் ஜோக்கர், அதாவது 52இல் பதினாறு. மூன்று சீட்டில் ஒரு ஜோக்கர்கூட வராத கை நூற்றுக்கு 32 மட்டுமே. அந்த ஆட்டத்தில் ஒரு ஜோக்கரோடு ஜோடி சேர்த்துக்கொண்டு பந்தயத்தை இரட்டிப்பவர்கள் கல்யாண வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள், மற்றவர்களுக்கு அவர்கள்தான் வரும்படி.

அடுத்தது கைகளின் வரிசை. வழக்கமான வரிசையில் மூன்று ஒரே எண் இரண்டு ஜோடியைவிடப் பெரியது. ஜோக்கர் வந்தால் அந்த வரிசையே ஆட்டம் காணும். ஒரு ஜோக்கர் சேர்த்த 53 சீட்டில் மூன்று ஒரே எண் கிடைக்கும் வழிகள் 1,37,280. இரண்டு ஜோடி கிடைக்கும் வழிகள் 1,23,552. அரியது எதுவோ அதுவே பெரியது என்பதுதான் போக்கரின் அடிப்படை. அப்படியானால் இரண்டு ஜோடிதான் ஜெயிக்க வேண்டும். சரி, வரிசையை மாற்றிவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. ஒரு ஜோடியோடு ஜோக்கர் வைத்திருப்பவர் இதுவரை அதை மூன்று ஒரே எண் என்று காட்டினார். வரிசை மாறிய மறுகணமே ஜோக்கரை வேறொரு சீட்டோடு ஜோடி சேர்த்து இரண்டு ஜோடி என்பார். அப்போது இரண்டு ஜோடி 2,05,920 ஆகிவிடும், மூன்று ஒரே எண் 54,912 ஆகக் குறையும். எப்படி மாற்றினாலும் தப்பாகவே வரும், அதனால் யாரும் மாற்றுவதில்லை. ஆடுகிறவருக்கு இதில் உபயோகமான செய்தி ஒன்று உண்டு: கையில் ஜோக்கர் இருந்தால் இரண்டு ஜோடி என்ற கையே கிடையாது. எதிராளி இரண்டு ஜோடி காட்டினால் அவரிடம் ஜோக்கர் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி காசினோ. அங்கே ஆள் எதிர் ஆள் ஆடும் டெக்சாஸ் ஹோல்டம் மேஜைகளில் ஜோக்கர் பொதுவாகக் கிடையாது. ஜோக்கர் போக்கரைப் பார்ப்பது வீடியோ போக்கர் மெஷினிலும் (ஐந்து சீட்டுத் தந்து, வேண்டாததை ஒரு முறை மாற்றவிட்டு, வந்த கைக்குப் பட்டியல்படி காசு தரும் மெஷின்) பாய் கௌ மேஜையிலும்தான்.

டியூஸஸ் வைல்ட் மெஷினில் உட்காரும் முன் சீட்டைப் பார்க்காதீர்கள், கண்ணாடியில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். நான்கு ஒரே எண்ணுக்கு ஒரு காசுக்கு 5 தருகிறதா, 4 தருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. (பெயர்கள் புதிதென்றால்: ஸ்ட்ரெய்ட் என்பது ஐந்து தொடர் எண்கள், ஃபிளஷ் என்பது ஐந்தும் ஒரே சின்னம், இரண்டும் சேர்ந்தால் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ், அதுவே பத்திலிருந்து ஏஸ் வரை என்றால் ராயல், ஃபுல் ஹவுஸ் என்பது மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்.) முழுப் பட்டியல் என்று சொல்லப்படும் பழைய மெஷினில் ஜோக்கர் இல்லாத ராயல் ஃபிளஷுக்கு 800, நான்கு டியூஸுக்கு 200, டியூஸ் சேர்ந்த ராயலுக்கு 25, ஐந்து ஒரே எண்ணுக்கு 15, ஸ்ட்ரெய்ட் ஃபிளஷுக்கு 9, நான்கு ஒரே எண்ணுக்கு 5, ஃபுல் ஹவுஸுக்கு 3, ஃபிளஷுக்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் 2, மூன்று ஒரே எண்ணுக்கு 1. ஒரு பிழைகூட இல்லாமல் ஆடினால் இது 100.76 சதவீதம் திருப்பித் தரும். காசினோவுக்கு நஷ்டம், அதனால்தான் இதைக் கண்ணில் காண்பது அரிது. நான்கு ஒரே எண் சராசரியாக 15 அல்லது 16 கைக்கு ஒரு முறை வரும். அந்த ஒரு வரியில் 5ஐ 4 ஆக்கினாலே நூற்றுக்கு ஆறரை போய்விடுகிறது. வேறு வரியில் ஏதாவது கூட்டித் தந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 4 தரும் மெஷினிலேயே ஐந்து ஒரே எண்ணுக்கு 16, ஸ்ட்ரெய்ட் ஃபிளஷுக்கு 10, ஃபுல் ஹவுஸுக்கு 4, ஃபிளஷுக்கு 3 என்று இருந்தால் 99.73 வரை வரும், அது மோசமில்லை. எதையும் கூட்டாமல் 4 மட்டும் இருந்தால் எழுந்துவிடுங்கள்.

பட்டியலில் இன்னொரு வேடிக்கை. டியூஸ் ஆட்டத்தில் முதல் ஐந்து சீட்டில் நான்கு ஒரே எண் வரும் வழிகள் 31,552, ஃபுல் ஹவுஸ் வெறும் 12,672. அரியது ஃபுல் ஹவுஸ், ஆனால் குறைவாகத் தருவது அதற்குத்தான்.

ராயலுக்கு 800 என்பது ஐந்து காசு போட்டால் மட்டும். ஐந்துக்குக் குறைவாகப் போட்டால் வழக்கமாகக் காசுக்கு 250தான். ஐந்து காசு கட்டுப்படியாகாது என்றால் சின்ன மதிப்புள்ள மெஷினுக்குப் போங்கள், பெரிய மெஷினில் ஒரு காசு போடாதீர்கள்.

எதைப் பிடிப்பது, எதைப் போடுவது என்பதற்கு முதலில் டியூஸை எண்ணுங்கள். நூற்றுக்கு 66 கையில் டியூஸே வராது, 30 கையில் ஒன்று, 4 கையில் இரண்டு. மூன்று டியூஸ் ஆயிரத்துக்கு இரண்டு கைகூட வராது. டியூஸைக் கீழே போடுவது எந்த நிலையிலும் தப்பு. இது ரம்மிக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். வந்த கையை உடைப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.

மூன்று டியூஸோடு ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் வந்துவிட்டது, மெஷின் 9 தருகிறேன் என்கிறது. உடையுங்கள். மூன்று டியூஸை மட்டும் பிடித்து இரண்டு சீட்டு வாங்கினால் சராசரி மதிப்பு 15ஐத் தொடும். டியூஸ் ராயலோ, பத்திலிருந்து ஏஸ் வரையிலான சீட்டில் ஐந்து ஒரே எண்ணோ வந்திருந்தால் மட்டும் அப்படியே நிற்கலாம். இரண்டு டியூஸோடு ஆர்ட்டின் 5, 9, கிங் வந்தால் ஃபிளஷ், 2 காசு நிச்சயம். இதையும் உடைக்க வேண்டும். இரண்டு டியூஸின் சராசரி 3க்கு மேல். இரண்டு டியூஸ் இருக்கும்போது நான்கு ஒரே எண்ணும் அதற்கு மேலும் வந்தால்தான் நிற்பது. ராயலுக்கு ஒரு சீட்டுக் குறை என்றால் அந்த நான்கைப் பிடிக்கலாம். டியூஸ்களோடு 6-7 அல்லது அதற்கு மேலே அடுத்தடுத்த இரண்டு சீட்டு ஒரே சின்னத்தில் இருந்தால் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷுக்குப் போகலாம். மற்றதெல்லாம் கீழே.

ஒரு டியூஸ் கைதான் நிறைய வரும், தவறும் அங்கேதான் நிறைய. உதாரணத்துக்கு ஸ்பேட் கிங், ஸ்பேட் குயின், ஸ்பேட் பத்து, ஆர்ட்டின் பத்து, ஒரு டியூஸ். மூன்று பத்து என்று மெஷின் விளக்கைப் போட்டுக் காட்டும், போட்ட ஒரு காசு கையில். ஆனால் ஆர்ட்டின் பத்தைப் போட்டுவிட்டு ஸ்பேட் மூன்றையும் டியூஸையும் பிடித்தால் என்ன வரும் என்று எண்ணுங்கள். மீதி 47 சீட்டு. ஸ்பேட் ஜாக், ஸ்பேட் ஏஸ், மூன்று டியூஸ், ஆக ஐந்து சீட்டுக்கு ராயல், தலைக்கு 25. ஸ்பேட் ஒன்பது வந்தால் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ், 9. மற்ற ஆறு ஸ்பேடுக்கு ஃபிளஷ், தலைக்கு 2. வேறு சின்னத்து ஜாக், ஏஸ், ஒன்பது என ஒன்பது சீட்டுக்கு ஸ்ட்ரெய்ட், தலைக்கு 2. கிங் மூன்று, குயின் மூன்று, பத்து இரண்டு வந்தால் மூன்று ஒரே எண், தலைக்கு 1. எல்லாம் கூட்டினால் 172. அதை 47ஆல் வகுத்தால் 3.66. மூன்று பத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சீட்டு வாங்கினால் மதிப்பு 2ஐ ஒட்டித்தான் நிற்கும். கையில் இருப்பதைப் போடுவதற்கு மனசு வராது, ஆனால் கணக்கு இப்படி இருக்கிறது. முழுப் பட்டியல் மெஷினில் ராயலுக்கு ஒரு சீட்டுக் குறையும் கை, வந்துவிட்ட ஃபுல் ஹவுஸைவிடக்கூடப் பெரியது.

டியூஸே இல்லாத கையில் வேறொரு பழக்கம் காலை வாரும். ஏஸை மட்டும், அல்லது ஏஸையும் ராஜாவையும் பிடித்துக்கொண்டு மூன்று சீட்டு வாங்குவார்கள். இந்த மெஷினில் ஜோடிக்குக் காசே கிடையாது, மூன்று ஒரே எண்ணிலிருந்துதான் ஆரம்பம். ஏஸுக்கும் மூன்றுக்கும் வித்தியாசமில்லை. வேறெதுவும் இல்லையென்றால் ஐந்தையும் போடுங்கள். ஜோடி இருந்தால் ஜோடியை மட்டும் பிடிக்க வேண்டும், பக்கத்தில் ஏஸைத் துணைக்கு வைக்கக் கூடாது. ஜோடியின் மதிப்பு சுமார் 0.56. நான்கு ஒரே சின்னம், அல்லது இரு பக்கமும் திறந்த நான்கு தொடர் எண்கள், இரண்டுக்குமே உதவும் சீட்டு 12, மதிப்பு 0.51. ஆக ஜோடிதான் மேல். நடுவில் ஒரு சீட்டுக் குறையும் ஸ்ட்ரெய்ட்டுக்கு எட்டுச் சீட்டு உதவும், வேறெதுவும் இல்லாதபோது பிடிக்கலாம். ஆனால் ஏஸ், 3, 4, 5 வந்து குறைவது ரெண்டே என்றால் நான்கு சீட்டுதான் உதவும், அதை விட்டுவிடுங்கள்.

இரண்டு ஜோடி வந்தால்? இங்கேதான் பட்டியல் பார்த்தது பலன் தரும். இரண்டையும் பிடித்தால் 47இல் எட்டுச் சீட்டு (நான்கு இயல்பானது, நான்கு டியூஸ்) ஃபுல் ஹவுஸ் தரும். ஃபுல் ஹவுஸுக்கு 3 என்றால் மதிப்பு 0.51, ஒற்றை ஜோடியின் 0.56ஐவிடக் குறைவு, எனவே ஒரு ஜோடியைக் கீழே போட வேண்டும், எதைப் போட்டாலும் ஒன்றுதான். ஃபுல் ஹவுஸுக்கு 4 தரும் மெஷினில் அதே எட்டுச் சீட்டு 0.68 ஆகிறது, இரண்டு ஜோடியையும் பிடிக்க வேண்டும். ஒரு மெஷினுக்கு மனப்பாடம் செய்ததை அடுத்த மெஷினில் அப்படியே ஆடினால் இந்த மாதிரி இடங்களில் காசு கசியும்.

ஜோக்கர் போக்கர் என்று இன்னொரு மெஷின், 53 சீட்டு. ஐந்து சீட்டில் ஜோக்கர் வர நூற்றுக்கு 9 சொச்சம்தான். அதில் ராஜா ஜோடியிலிருந்து காசு தரும் வகையில், டியூஸில் செல்லாத ஒற்றை ஏஸுக்கும் ராஜாவுக்கும் மதிப்பு வந்துவிடும்.

பாய் கௌ போக்கர் மேஜையில் 53 சீட்டு, ஆளுக்கு ஏழு. ஐந்து சீட்டுக் கை ஒன்று, இரண்டு சீட்டுக் கை ஒன்று எனப் பிரிக்க வேண்டும். இரண்டும் ஜெயித்தால்தான் ஜெயம். இங்கே ஜோக்கர் அரை ஜோக்கர். ஏஸாக நிற்கும், அல்லது ஸ்ட்ரெய்ட், ஃபிளஷில் குறையும் சீட்டாக நிற்கும், வேறெதுவும் ஆகாது. இரண்டு ராஜாவும் ஜோக்கரும் மூன்று ராஜா அல்ல. ராஜா ஜோடியும் ஒரு ஏஸும். ஏஸும் ஜோக்கரும் வந்தால் ஏஸ் ஜோடி. இரண்டு ஏஸும் ஜோக்கரும் என்றால் மூன்று ஏஸ். வேறு பெரிதாக எதுவும் சேராவிட்டால் அதை அப்படியே வைக்காமல், ஐந்து சீட்டுக் கையில் ஏஸ் ஜோடியும், இரண்டு சீட்டுக் கையில் ஓர் ஏஸோடு மீதியில் பெரிய சீட்டும் வைப்பதே நல்லது. இரண்டு சீட்டுக் கை ஐந்து சீட்டுக் கையைவிடப் பெரிதாகிவிட்டால் கையே செல்லாது, பந்தயம் போச்சு. ஜோக்கர் வந்த பதற்றத்தில் இரண்டு சீட்டுக் கையைக் கனமாக வைத்து இப்படி மாட்டிக்கொள்வது சகஜம். ஒரு கை இருவருக்கும் சமமாக வந்தால் அந்தக் கையில் பேங்கருக்கு (வழக்கமாகக் காசினோவுக்கு) வெற்றி, ஜெயித்தால் வழக்கமாக 5 சதவீதம் கமிஷன். ஒரு கை ஜெயித்து மற்றது தோற்றால் யாருக்கும் ஜெயமில்லை, அது நிறைய வருவதால் ஆட்டம் மெதுவாக நகரும், காசும் மெதுவாகத்தான் கரையும்.

சட்டத்தையும் ஒரு வரியில்: தமிழ்நாட்டில் காசினோ கிடையாது, 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கிறது. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது போக்கருக்குத் தானாகப் பொருந்திவிடாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டில் பழகப் புளியங்கொட்டை போதும். ஆளுக்கு ஐம்பது கொடுத்தால் ஒரு மத்தியானம் ஓடும்.

வீட்டில் ஜோக்கர் போக்கர் பழகுவதானால் சீட்டுப் போடும் முன்பே நான்கு விஷயத்தைப் பேசிவிடுங்கள், பிறகு பேசினால் அய்த்தான் மைத்துனனுக்குள் சண்டைதான். ஜோக்கர் எது, எத்தனை. ஐந்து ஒரே எண் எல்லாவற்றுக்கும் மேலா, ராயலுக்குக் கீழா. ஃபிளஷில் ஏற்கெனவே ஏஸ் இருக்கும்போது ஜோக்கரும் ஏஸாக நிற்கலாமா, அடுத்த பெரிய சீட்டாகத்தான் நிற்க வேண்டுமா. இரண்டு கை சமமானால் ஜோக்கர் இல்லாத கைக்கு முதலிடமா, பாதிப் பாதியா.

கட்டையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். மற்ற சீட்டெல்லாம் கைபட்டு முதுகு மங்கியிருக்கும். ஜோக்கர் மட்டும் வருஷக்கணக்காகப் பெட்டியிலேயே கிடந்ததால் பளபளவென்று இருக்கும். கவிழ்த்துப் போட்டாலும் யாரிடம் போகிறது என்று எதிர்ப்பக்கம் இருப்பவர் பார்த்துவிடுவார். அப்படிப்பட்ட கட்டில் ஜோக்கரை எடுத்து வைத்துவிட்டு டியூஸை ஜோக்கராக்கி ஆடுங்கள். அவையும் மற்ற சீட்டுகளோடு சேர்ந்தே தேய்ந்தவை.